கோடைக் காய்கறிக் கூடை: கணக்கை அடுப்பிலிருந்து தொடங்குங்கள்

வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. திண்டுக்கல் அருகே ஒன்றரை ஏக்கரில் காய்கறி பயிரிடும் விவசாயி ஒருவருடன், நகரத்து வீடுகளுக்குக் காய்கறிக் கூடை கொடுக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறந்த வயதான அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "தம்பி, காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு வாரமா புடலங்காயே வருது. போன வாரத்துக் காயே இன்னும் ஃபிரிட்ஜுல கிடக்கு. அடுத்த மாசம் எங்களுக்கு வேண்டாம்ப்பா" என்றார்.

பங்குனியில் 25 வீடுகளுடன் தொடங்கிய திட்டம் அது. கோடை முடிந்தபோது 14 வீடுகள்தான் மிஞ்சின. காயில் குறையில்லை, விலையிலும் யாரும் குறை சொல்லவில்லை. குறை பயிர்த் திட்டத்தில் இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்தவன் நான். எந்தப் பந்தலில் எத்தனை குழி, ஒரு கொடிக்கு எத்தனை கிலோ என்றெல்லாம் கணக்கிட்டிருந்தேன். ஒரு வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் கூட்டு வைப்பார்கள், எத்தனை நாள் பொரியல் செய்வார்கள் என்று கணக்கிடவில்லை.

அன்று மாலை அந்த விவசாயியின் மனைவி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே சார். ஒரு வீட்டுல வாரத்துக்கு ஒரு புடலங்காய்க்கு மேல யாரு திங்கப் போறா?" திட்டம் போட்டபோது அவர் கணவரிடம் மட்டுமே பேசியிருந்தேன்.

தைப்பட்ட விதைப்புக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. வீடுகளுக்கு நேரடியாகக் கூடை கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், விதை வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பங்கு முறை என்பது என்ன?

ஒரு பருவத்துக்கான தொகையை வீடுகள் முன்கூட்டியோ மாதாமாதமோ கட்டிவிடும். வயலில் விளைவதில் தங்கள் பங்கை வாரந்தோறும் பெற்றுக்கொள்ளும். ஜப்பானில் 1970-களில் விவசாயிகளும் குடும்பங்களும் சேர்ந்து இதுபோன்ற ஏற்பாட்டைத் தொடங்கினர். அமெரிக்காவில் 1986-ல் இரண்டு பண்ணைகளில் இது தொடங்கியது. நமக்கும் நேரடி விற்பனை புதிதல்ல. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதிலிருந்து, இடைத்தரகர் இல்லாமல் விற்பதில் நம் விவசாயிகளுக்குப் பழக்கம் உண்டு.

சந்தைக்கும் கூடைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. சந்தையில் வாங்குபவர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி எடுக்கிறார். கூடையில் நீங்கள் கொடுப்பதுதான் அவருக்கு. ஆகவே, அவர் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்று யோசிக்கும் பொறுப்பு உங்களுடையது. வாங்கிய காய் அழுகிக் குப்பைக்குப் போனால் அந்த வீடு அடுத்த மாதம் பணம் கட்டாது.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒருவர் ஒரு நாளைக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் பெரும்பாலான வீடுகள் இன்று இந்த அளவு சமைப்பதில்லை. தேவை என்று எழுதியிருப்பதை நம்பி 11 கிலோ கொடுத்தால் பாதி வீணாகும். 6 கிலோவில் தொடங்குங்கள். கூடை காலியாகிறதா என்று இரண்டாவது வாரமே கேளுங்கள். காலியாகிற வீட்டுக்கு அளவைக் கூட்டலாம்.

கூடையை ஆறு இடமாகப் பிரியுங்கள்

ஒரு கூடையில் ஆறு இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் குழம்புக் காய்: முருங்கை, கத்தரி, பரங்கி ஆகியவற்றில் ஒன்று.
இரண்டாவது கூட்டுக் காய்: புடலை, பீர்க்கு, சுரை, வெண்பூசணி ஆகியவற்றில் ஒன்று.
மூன்றாவது பொரியல் காய்: வெண்டை, கொத்தவரை, கோவை, பாகல் ஆகியவற்றில் இரண்டு.
நான்காவது கீரை: இரண்டு கட்டு, இரண்டும் வெவ்வேறு கீரையாக.
ஐந்தாவது பச்சையாகவோ பச்சடியாகவோ சாப்பிடக்கூடியது: வெள்ளரி, தக்காளி, மாங்காய்.
ஆறாவது கைச்சரக்கு: சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சை.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி இரண்டாவது இடத்துக்கு உரியது. ஒரு கூடையில் ஒரே ஒரு கூட்டுக் காய்தான். அதே காய் அடுத்தடுத்த இரண்டு வாரங்கள் வரக் கூடாது. கோடையில் பந்தல் காய்கள் ஒரே நேரத்தில் கொத்தாக வருவதால், மீறத் தூண்டும் விதியும் இதுதான். மிஞ்சும் காய் உழவர் சந்தைக்குப் போகட்டும், கூடையில் திணிக்காதீர்கள். கூடை, மிச்சத்தைத் தள்ளிவிடும் இடமல்ல.

ஆறாவது இடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கறிவேப்பிலையும் மிளகாயும் எடை குறைவுதான். ஆனால் அவை கூடையில் இருந்தால் அந்த வீட்டுக்காரர் அவற்றுக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கடைக்குப் போனால் அங்கேயே மற்ற காயையும் வாங்கிவிடுவார்.

விதைப்பு இதற்கு ஏற்ப மாற வேண்டும்

பந்தல் முழுவதும் புடலை என்பதற்குப் பதிலாகப் புடலை, பீர்க்கு, சுரை, பாகல் நான்கையும் பகிர்ந்து நடுங்கள். தை மாதம் ஒரு பகுதியும், மூன்று வாரம் கழித்து இன்னொரு பகுதியும் விதைத்தால் காய்ப்பு ஒரே நேரத்தில் குவியாது. வெண்டை விதைத்த 45 நாளில் பறிப்புக்கு வரும்; அதையும் கொத்தவரையையும் மூன்று வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விதைக்கலாம். சிறுகீரை, தண்டுக்கீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வருவதால், வாரம் ஒரு சிறு பாத்தி விதைத்துக்கொண்டே இருங்கள். கத்தரிக்கு நாற்றங்காலை இப்போதே, மார்கழியிலேயே போட்டுவிட வேண்டும்.

பரங்கியும் வெண்பூசணியும் கூடைக்காரருக்குக் காப்பீடு போன்றவை. நன்றாக முற்றிய காயைக் காம்புடன் பறித்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. கத்திரி வெயிலில் தக்காளி பூ உதிர்க்கும். பந்தல் கொடிகளில் ஆண் பூக்கள் கூடிப் பெண் பூக்கள் குறையும். வயலில் காய் குறையும் அந்த வாரங்களில், அடுக்கி வைத்த பூசணிகள் கூடையின் எடையைக் காப்பாற்றும்.

ஓர் எச்சரிக்கை. பீர்க்கு, சுரை ஆகியவற்றின் பூக்கள் மாலையில் மலர்பவை. அந்தி நேரத்தில் வரும் பூச்சிகள்தான் மகரந்தத்தைச் சேர்க்கின்றன. அந்த நேரத்தில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிறோம். மருந்து டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்களை மதித்தால் இரண்டு மூன்று பறிப்புகள் போய்விடும். ஆகவே தொடக்கத்திலிருந்தே வேப்பங்கொட்டைக் கரைசல், ஒட்டும் மஞ்சள் அட்டை என்று போவதே கூடைக்காரருக்கு நல்லது.

பிஞ்சுப் பதம்தான் சுவை

எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் முற்றிய காயைக் காப்பாற்ற முடியாது. எடை கூடட்டும் என்று இரண்டு நாள் கொடியில் விட்டுவைக்கும் பழக்கம் சந்தைக்குச் சரியாக இருக்கலாம், கூடைக்கு ஆகாது. வெண்டையின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும். சுரையின் தோலில் நகம் இறங்க வேண்டும். கத்தரியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கி மீள வேண்டும். மினுமினுப்பு மங்கியிருந்தால் உள்ளே விதை முற்றிவிட்டது. பீர்க்கின் வரம்புகள் கையில் குத்தக் கூடாது. முருங்கையை முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும்.

வெயில் ஏறும் முன் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். கீரையை ஈரச் சாக்கால் மூடுங்கள். வெண்டையின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், கரும்புள்ளி விழும்.

சமைப்பவருக்கு என்ன சொல்லலாம்?

இன்று பல வீடுகளில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பந்தல் காய்களைச் சமைத்துப் பழகாத இளம் தம்பதிகளும் உங்கள் வாடிக்கையாளர்களாக வருவார்கள். கூடையோடு ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுங்கள். எங்கள் விவசாயியின் மனைவி எழுதிய சீட்டுகளிலிருந்தும், என் வீட்டில் செய்து பார்த்ததிலிருந்தும் சில குறிப்புகள்.

புடலங்காய், சுரைக்காய், வெண்பூசணி ஆகியவற்றில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர்தான். "சப்பென்று இருக்கிறது" என்ற குறை வருவதற்குக் காரணம், மேலும் தண்ணீர் ஊற்றி வேகவைப்பது. பாசிப்பருப்பை முக்கால் வேக்காடாக வேகவைத்து, நறுக்கிய காயைச் சேர்த்து, ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்து மூடிவையுங்கள். காய் தன் நீரிலேயே வெந்துவிடும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதைக் கடைசியில் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கூட்டு கெட்டியாக வரும். இளம் புடலையின் உள்ளே இருக்கும் சதையையும் விதையையும் எறிய வேண்டாம். உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளியுடன் வதக்கி அரைத்தால் துவையல்.

பீர்க்கங்காய் வெந்தால் பாதியாகச் சுருங்கும். நான்கு பேருக்கு ஒரு கிலோ வேண்டும் என்பதை நினைவில் வைத்துக் கொடுங்கள். சீவிய தோலைக் கழுவி எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்தால் தோல் துவையல். மருந்து அடிக்காத காய் என்று நீங்கள் உறுதி தந்தால்தான் தோலைத் தைரியமாகச் சாப்பிடுவார்கள். கடைக் காயிலிருந்து உங்கள் காய் வேறுபடும் இடம் இது.

சுரைக்காய் பிடிக்காத குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அடைதான் வழி. துருவிப் பிழிந்து அடை மாவில் கலந்து வார்த்தால் யாருக்கும் தெரியாது. முருங்கைக்கீரையையும் அப்படியே சேர்க்கலாம்.

வெண்பூசணிக்குக் கோடையில் மோர்க்குழம்பை மிஞ்ச எதுவும் இல்லை. காயைத் தனியே உப்புப் போட்டு வேகவையுங்கள். ஊறிய துவரம்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி அரைத்துச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பின்பு கடைந்த புளித்த மோரை ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துவிடும்.

வெண்டையை முழுதாகக் கழுவி, ஈரம் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். மூடாமல் வதக்கி, ஒரு கரண்டி தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ விட்டால் கொழகொழப்பு அடங்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். கொத்தவரை துவர்ப்பாக இருக்கிறது என்பவர்களுக்குப் பருப்பு உசிலி சொல்லிக் கொடுங்கள்: ஊறவைத்த துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் கரகரப்பாக அரைத்து ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, வெந்த காயுடன் கிளறினால் போதும். கத்தரிக்காய் கூடிவிட்டால் சுட்டுப் பிசைந்து கொத்சு. இட்லிக்கும் பொங்கலுக்கும் ஏற்றது.

கசக்கும் சுரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்

இது சுவைக் குறிப்பு அல்ல, உயிர்க் குறிப்பு. பாகற்காயின் கசப்பு வேறு. சுரை, பீர்க்கு, வெள்ளரி போன்றவற்றில் எதிர்பாராமல் வரும் கசப்பு வேறு. இதற்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப் பொருள். வேகவைத்தாலும் இது போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாறு குடித்தவர்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், சிலருக்கு ரத்த வாந்தியும் வந்திருக்கின்றன, இறப்புகளும் நேர்ந்திருக்கின்றன. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவும் எச்சரித்திருக்கிறது.

கடும் வெயிலிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் இந்தக் கசப்பு கூடும். தானாக முளைத்த கொடியிலும், காட்டு வகையோடு கலந்த விதையிலும் வரும். ஆகவே மூன்று செய்யுங்கள். நம்பகமான விதையை மட்டும் விதையுங்கள். காய்ப்புக் காலத்தில் பாசனத்தை இடைவெளி விடாதீர்கள். ஒவ்வொரு கொடியிலும் முதல் காயை அறுத்து, நுனித் துண்டை நாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கி எறியுங்கள். சீட்டிலும் எழுதுங்கள்: "சுரைக்காயை நறுக்கியதும் சிறு துண்டைத் தொட்டுப் பாருங்கள். கசந்தால் சமைக்க வேண்டாம். சொல்லுங்கள், மாற்றுக் காய் தருகிறோம்." தெரியாமல் சாப்பிட்டு வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எதை முதலில் சமைப்பது?

இந்த ஒரு தகவல் இல்லாததால்தான் பல வீடுகளில் காய் வீணாகிறது. சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். முதல் இரண்டு நாள்: கீரை, வெண்டை, பீர்க்கு. அடுத்த இரண்டு நாள்: கத்தரி, கொத்தவரை, புடலை, வெள்ளரி. அதற்குப் பிறகு: முருங்கை, முழுச் சுரை. அவசரமே இல்லாதவை: பரங்கி, வெண்பூசணி, வெங்காயம்.

வெண்டை, கத்தரி, வெள்ளரி, தக்காளி ஆகியவை கடுங்குளிரைத் தாங்காது. குழி விழும், கறுக்கும், சுவை போகும். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டுமானால், காகிதத்தில் சுற்றிக் கீழே உள்ள காய்கறித் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். நறுக்கிய பூசணியை இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும்.

மிஞ்சியதை வெயிலுக்குக் கொடுங்கள்

கோடையில் காய் மிஞ்சுகிறது. காய வைக்க வெயிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இளம் கொத்தவரையை உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் வேகவிட்டு, வடித்து, ஒடித்தால் முறியும் வரை காயவைத்தால் வத்தல். பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே தயிரில் போட வேண்டும். தயிர் முழுவதும் ஏறும்வரை இப்படிச் செய்தால் மோர் மிளகாய். சுண்டைக்காய்க்கும் மணத்தக்காளிக்கும் இதே மோர்ப் பக்குவம்தான். சின்ன வெங்காயம் விலை சரிந்த நேரத்தில் உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு சேர்த்துப் பிசைந்து உருட்டிக் காயவைத்தால் தாளிப்பு வடகம்.

இவற்றை உங்கள் வீட்டிலோ, ஊர் மகளிர் சுய உதவிக் குழு வழியாகவோ செய்து, ஐப்பசி மழையில் பறிப்பு தடைப்படும் வாரங்களில் கூடையில் சேர்க்கலாம். விற்பனைக்குச் செய்யும்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மே மாத விடுமுறையை மறக்காதீர்கள்

நான் கவனிக்கத் தவறிய இன்னொன்றும் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் நகரத்து வீடுகள் பூட்டியிருக்கும். பணம் கட்டியும் கூடை வாங்க ஆளில்லை என்றால் மனத்தாங்கல் வரும். பருவத்தில் இரண்டு வாரம் "விடுப்பு வாரம்" என்று முன்பே அறிவித்துவிடுங்கள். ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும், அந்த இரண்டு கூடையும் பருவத்தின் முடிவில் வரும். அந்த வாரங்களின் காயை வைகாசி முகூர்த்தச் சமையல்காரர்களிடம் முன்பேசி வையுங்கள். வெண்பூசணி, பரங்கி, கத்தரி, முருங்கை ஆகியவை கல்யாணச் சமையலுக்கு மொத்தமாகப் போகும்.

மறு ஆண்டு

மறு ஆண்டு அந்த விவசாயி பந்தலை நான்காகப் பிரித்தார். எந்த வாரம் எந்தக் காய் என்பதை அவர் மனைவி முடிவு செய்தார். சீட்டும் அவர் கையெழுத்துதான். நான் விதைப்பு நாட்களை மட்டும் கணக்கிட்டுக் கொடுத்தேன். 22 வீடுகளுடன் தொடங்கி, ஆடி பிறக்கும்போது 20 வீடுகள் இருந்தன. போன ஆண்டு விலகிய அந்த அம்மா மீண்டும் சேர்ந்திருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் கேட்டது, "இந்த வாரம் பீர்க்கங்காய் இல்லையா தம்பி? தோல் துவையலுக்கு ஆசையா இருந்தேன்."

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் இந்த வாரமே பத்து வீடுகளுக்குப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறீர்கள்? எந்தக் காய் உங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்? மே மாதம் எந்த வாரம் ஊரில் இருக்க மாட்டீர்கள்? பதில்களை எழுதி எடுத்து வந்து, உங்கள் வீட்டில் சமைப்பவருடன் உட்கார்ந்து ஆறு இடத்தையும் நிரப்புங்கள். விதைக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.